வடிவு பெயரில் போட்ட மனு

ஒரு விடுகதை போடுகிறேன் தம்பி, யோசித்துச் சொல்லுங்கள். காலில்லை, மேசை மேசையாக நடக்கும். வாயில்லை, பல பேருக்குச் சோறு போடும். யாரும் தேடாதவரை அலமாரியில் இருக்கும். ஒருவர் தேடிவந்தால் அந்த நிமிடமே காணாமல் போகும். அது என்ன?

பணமா? இல்லை. பல்லியா? நல்லாயிருக்கிறது, ஆனால் பல்லி யாருக்குச் சோறு போட்டது? விடுங்கள், நானே சொல்கிறேன். அரசாங்கக் கோப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். முப்பிடாதி என்று பெயர். அவளிடம்தான் நான் ஏமாந்தேன்.

சிரிக்காதீர்கள். நான் செய்தியாளர். எங்கள் ஊர் நகராட்சி, தாலுகா ஆபீஸ் இரண்டுக்கும் ஒரு மாலைப் பத்திரிகைக்காகப் போய் வருகிறவன். தகவல் உரிமைச் சட்டம் வந்த காலத்திலிருந்து மனுப் போட்டுக் கை பழகிவிட்டது. கொடுக்க முடியாது என்று எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதத்திலும் எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் தாண்டித் தகவலை வாங்கிவிடுவேன். ஜம்பத்துக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தது நல்லதாயிற்று. கம்பியைப் பிடியும் பெரியவரே என்று கண்டக்டர் சத்தம் போட்டாரே, நான் பிடிக்கவில்லை, கவனித்தீர்களா? வேறொன்றுமில்லை. இரும்பு என்றால் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன். மின்சாரம் இருந்தால் புறங்கை உதறிக்கொண்டு விலகிவிடும். உள்ளங்கையால் பிடித்தால் விடாது. வீட்டு கேட்டைக்கூட அப்படித்தான் திறக்கிறேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். பயம் இல்லை, பாதுகாப்பு.

எங்கள் ஊரில் நகராட்சிப் பூங்கா ஒன்று உண்டு. ஊஞ்சல், சறுக்கு, நடுவில் ஒரு விளக்குக் கம்பம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அந்தக் கம்பத்தைத் தொட்டு ஒரு பையன் இறந்துபோனான். பேச்சிமுத்து. மூன்றாம் வகுப்பு. பூங்காவுக்குப் பின்தெருவில் பீடி சுற்றும் ஆவுடையம்மாளின் ஒரே மகன். முப்பிடாதி அப்போது ஊஞ்சலில் இருந்தாள். இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு.

மறுநாள் நகராட்சியில் அறிக்கை கொடுத்தார்கள். பையன் பல்பைத் திருடக் கம்பத்தில் ஏறினான், கம்பத்தைப் பற்றி அதற்கு முன்னால் புகார் எதுவும் வரவில்லை. ஏறினான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறானே, ஏறத்தானே கழற்றுவான் என்றார்கள். போலீஸிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். திருடப் போனவனுக்கு நிவாரணம் கிடையாது. நிவாரணம் போகட்டும், ஆவுடையம்மாள் தண்ணீர்க் குழாய்க்குப் போனால்கூட, "பல்பு எடுக்கப் போனவனோட அம்மைக்கு வழி விடுங்கட்டீ" என்று பேச்சு. அந்த அம்மாள் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "துட்டு வேண்டாம் அண்ணாச்சி. எம்புள்ள களவாணி இல்லன்னு அவங்க கையால ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லுங்க."

நடந்தது என்னவென்று முப்பிடாதி சொன்னாள். செருப்பு புதுசு. சகதி பட்டுவிடக் கூடாதென்று கழற்றி வைத்தான். காலில் ஒட்டிய சேற்றை உதற ஒற்றைக் காலைத் தூக்கினான். விழாமல் இருக்கக் கம்பத்தைப் பிடித்தான். அவ்வளவுதான். அவன் விளையாட்டுக்கு ஆடிக் காட்டுகிறான் என்று நினைத்து இவள் ஊஞ்சலிலிருந்தே சிரித்தாளாம்.

இதை அவளை நான் நாலைந்து தடவை சொல்லவைத்தேன். வேறு வேறு நாளில், வேறு வேறு மாதிரிக் கேட்டு. சாட்சி என்றால் அப்படித்தான் சோதிக்க வேண்டும். ஒரு வார்த்தை மாறவில்லை. சிரித்தேன் என்பதைக்கூட ஒவ்வொரு தடவையும் விடாமல் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புகார் வரவில்லை என்றார்களே, வந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முப்பிடாதியின் அம்மா சண்முகவடிவு பூங்கா வாசலில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டிருந்தாள். நான் தினமும் அங்கேதான் சாப்பிடுவேன். பையன் சாவதற்கு முந்தின வாரம், சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணாச்சி, உள்ள நிக்க கம்பத்தத் தொட்டா சுர்ருங்குது. பேப்பர்ல ஒரு வரி போடுங்களேன்."

"ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு வரி போட்டா பேப்பர் பத்துமா வடிவு? நகராட்சியில போய்ச் சொல்லு, பதிஞ்சுக்கிடுவாங்க" என்றேன்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கிறாள். புகார்ப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள், எழுதியதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்தீர்களா, புகார் கொடுக்கச் சொன்னதே நான்தான். நான் சொல்லியிருக்காவிட்டால் இந்த வழக்குக்கு ஆதாரமே இருந்திருக்காது. அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் கையில் வந்தால் போதும். கம்பத்தில் மின்சாரம் கசிந்தது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். தரையில் நின்று தொட்டாலே போதும், ஏற வேண்டியதில்லை என்றும் ஆகிவிடும். பையன் பெயர் சுத்தமாகிவிடும்.

முதல் மனுவை என் பெயரில் போட்டேன். கோபத்தில் ஒரு தப்புச் செய்தேன். "மின்கம்பம் ஏன் சரிசெய்யப்படவில்லை?" என்று எழுதிவிட்டேன். இந்த வேலையில் முதல் பாடமே, ஏன் என்று கேட்கக் கூடாது. இருக்கிற தாளைத்தான் கேட்கலாம், இல்லாத விளக்கத்தைக் கேட்க முடியாது. "ஏன், எதற்கு போன்ற வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வாரா" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நகராட்சி மேலாளர் திரவியம் வழியில் பார்த்துச் சிரித்தார். "வாங்க அண்ணாச்சி, டீ சாப்பிடுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, தகவல் மட்டும் கேக்காதீங்க." நல்ல மனுஷர்தான். பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புவார்.

என் பெயரைக் கவரில் பார்த்தாலே உஷாராகிவிடுகிறார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறொருவர் பெயரில் போடுவது. மச்சினன் பெயரில் போடுவோம், வீட்டுக்காரி பெயரில் போடுவோம். என் மச்சினனுக்கு நகராட்சியில் ஒப்பந்த வேலை, அவனைச் சங்கடப்படுத்த முடியாது. என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்காது. வடிவிடம் கேட்டேன்.

"எம்பேருதான, போட்டுக்கிடுங்க. அந்தப் பயலுக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றாள்.

கையெழுத்தும் மாற வேண்டும், என் எழுத்து அந்த ஆபீஸில் எல்லாருக்கும் மனப்பாடம். நான் சொல்லச் சொல்ல முப்பிடாதி எழுதினாள். முத்து முத்தான எழுத்து. கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, வடிவு கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க விடுகதை போட்டேன். "கோப்புதான மாமா" என்று நிமிராமலே சொன்னாள்.

புகார்ப் பதிவேட்டில் ஐப்பசி மாதப் பக்கங்களின் நகல். இவ்வளவுதான் கேட்டோம். பூங்கா விளக்கு மின்வாரியத்தைச் சேர்ந்தது என்று மனுவை அங்கே தள்ளிவிட்டார்கள். அவர்கள் எங்களுடையது அல்ல என்று திருப்பினார்கள். மேலும் கீழுமாக மார்கழி முடிந்தது. மறுபடி எழுதினோம். இந்தத் தடவை வந்த பதிலைக் கேளுங்கள். "புகார் கொடுத்தவரின் தனிப்பட்ட விவரங்கள் அடங்கியிருப்பதால் வழங்க இயலாது." புகார் கொடுத்தவள் யார்? வடிவு. கேட்கிறவள் யார்? வடிவு. வடிவிடமிருந்து வடிவைக் காப்பாற்றுகிறார்களாம்! அதிலும் ஒரு லாபம் இருந்தது. புகாரே வரவில்லை என்றவர்கள், புகார் கொடுத்தவர் என்று தங்கள் கையாலேயே எழுதிவிட்டார்கள். இதைக் காட்டி மேல்முறையீடு செய்தேன். உடனே பதில் மாறியது. கார்த்திகை மழையில் அறை ஒழுகி அந்தப் பதிவேடு நனைந்து அழிந்துவிட்டதாம்.

மற்றவர்கள் என்றால் அங்கே நின்றிருப்பார்கள். நான் வேறு பக்கம் போனேன். ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போனால், புதிதாக வருகிறவர் ஒவ்வொரு பதிவேட்டையும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பிரிவில் தை மாதம் ஆள் மாறினார். பொறுப்பு ஒப்படைத்த பட்டியலை மட்டும் கேட்டேன். பதிவேட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னவோ சம்பள விஷயம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். கார்த்திகையில் கரைந்துபோன பதிவேட்டை, தை மாதத்தில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று புதுக் குமாஸ்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார். எப்படி? இந்த யோசனை என் சர்வீஸில் வேறு யாருக்கும் வந்து பார்த்ததில்லை.

இடையில் வடிவின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நடைபாதை ஆக்கிரமிப்பாம். அந்த வரிசையில் வேறு கடைகளும் இருந்தன, எடுத்தது அவளுடைய வண்டியை மட்டும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. திரவியம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் மனுவுக்குப் பின்னால் நான் இருப்பது தெரிந்துவிடும், அவளுக்குத்தான் ஆபத்து. அவளுக்காகத்தான் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று இரண்டு வரி கொடுத்தேன். அவள் இப்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள். காலையில் சாப்பாட்டுக்கு எனக்குத்தான் சிரமம்.

பூங்காவையும் பூட்டிவிட்டார்கள். கம்பத்தைச் சுற்றி உடைமுள் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். இணைப்பையும் எடுத்தாயிற்று. ஆனாலும் அந்த வழியே போகும்போது விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். இப்போது நான் அந்த வழியே போவதில்லை, சாலை மோசம். அந்த ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போட ஆளில்லை, காற்றடித்தால் கிறீச், கிறீச் என்கிறது. என் வீடு அங்கிருந்து தூரம்தான். ஆனாலும் கேட்கிறது. முதலில் சொன்னபோது வீட்டுக்காரி சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை, டாக்டரைப் பாருங்கள் என்கிறாள். டாக்டர் பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, தூக்கத்தில் அந்தப் பையன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என்னைப் பார்ப்பதுகூட இல்லை, காலைத்தான் பார்க்கிறான். பிடிக்காதே என்று கத்தப் போவேன், வாய் நிறைய இட்லி இருக்கும். அஜீரணத்துக்கு அப்படியெல்லாம் வரும் என்கிறார்கள். இருக்கலாம்.

சரி, விசாரணைக்கு வருகிறேன். தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போட்டோம். கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து திரையில் பேச வேண்டும். மனுதாரர் வடிவு, அதனால் அவள்தான் பேச வேண்டும். என்னைக் கதவோரம் உட்காரவைத்துவிட்டார்கள். போகும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். காரணம் கேட்டால் சொல்லாதே, சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை, பட்டியலை மட்டும் நீட்டு என்று. பட்டியலைத் திரைக்கு நேராக நீட்டினாள். திரையில் இருந்த ஆணையர் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டுவிட்டுச் சாதாரணமாக, "இது உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார்.

"அந்தப் பையன் பல்பு களவாங்கல சார். அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல வேளை, காரியம் கெடவில்லை. திரவியம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகலைச் சான்றொப்பமிட்டு இலவசமாக மனுதாரருக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் திரவியம் என் தோளைத் தட்டினார். "பேரு வடிவு, எழுத்து பிள்ளையோடது, வேல உம்மோடது. மொத மனுவிலயே தெரியும்வே எங்களுக்கு." அப்படியானால் நான் எடுத்த முன்னெச்சரிக்கை எல்லாம் எதற்கு? அதை அப்புறம் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஜெயித்த நாள் அல்லவா?

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை தம்பி. இத்தனை சட்டம் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை. மனு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முகவரிக்குத்தான் கவர் போகும்.

பதிவுத் தபால் வந்துவிட்டது என்று தபால்காரர் சொல்லி, ஓடினேன். வடிவு மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கவர் பிரித்திருந்தது. முப்பிடாதி அதை மடியில் வைத்து மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். இருந்தது. வடிவின் பெயர், தேதி, பூங்கா மின்கம்பத்தில் மின்கசிவு, எல்லாம் இருந்தது. பக்கத்தில் நடவடிக்கை என்ற கட்டம் காலி.

"குடு பாப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கிடறேன். சாயங்காலப் பேப்பர்லயே வந்துரும்."

அவள் கையை எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"மனுவ எழுதுனவ அவதான் அண்ணாச்சி. அவ சொல்லட்டும்" என்றாள் வடிவு. எனக்கு உட்கார நாற்காலிகூடப் போடவில்லை.

"என்ன தலைப்புப் போடுவீங்க மாமா?" என்று கேட்டாள் முப்பிடாதி.

வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். "'மறைத்த பதிவேடு சிக்கியது! நமது செய்தியாளரின் விடாத போராட்டம்.' முதல் பக்கம், அகலம் முழுக்க எட்டுக் காலம்."

"பேச்சிமுத்து பேரு எங்க வரும்?"

"உள்ள வரும் பாப்பா. ரெண்டாவது பத்தியில."

"அவன் களவாங்கலன்னு போடுவீங்களா?"

"நேரடியாப் போட முடியாது. போலீஸ் வழக்கு இருக்குல்லா? படிக்கிறவங்க புரிஞ்சுக்கிடுவாங்க."

தாளில் அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள். "எங்கம்மா மொதல்ல உங்ககிட்டதான சொன்னா. அது வருமா?"

"அது எதுக்கு பாப்பா? அது செய்தி இல்ல."

நான் சொன்னதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். பத்திரிகையில் எல்லாவற்றையும் போட முடியுமா? வடிவு என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நானும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பேப்பரில் வந்தால் ஊரே படிக்கும் என்றேன். அம்மாவுக்கு வண்டி திரும்பக் கிடைக்க வழி செய்கிறேன் என்றேன். இன்றைக்கு விட்டால் வேறு பத்திரிகைக்காரன் முந்திக்கொள்வான் என்றேன். ஐப்பசியிலிருந்து நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். தாளைக் கவருக்குள் வைத்தாள். அடுத்த வீட்டுக்குப் போய் ஆவுடையம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.